இரு இயந்திரங்கள், இரு தீர்ப்புகள்: திருப்பதி வாக்காளர் சொன்னது என்ன?

திருப்பதி: அமெரிக்காவில் 2026 நவம்பர் 3-ம் தேதி இடைக்காலத் தேர்தல் நடைபெறுகிறது. பிரதிநிதிகள் அவையின் 435 இடங்கள், செனட் அவையின் 35 இடங்கள், 36 மாநிலங்களின் ஆளுநர் பதவி ஆகியவற்றுக்கு அன்று வாக்குப்பதிவு. இவற்றுடன் பல மாநிலங்களில் வேட்பாளர் பெயரே இல்லாத கேள்விகளும் வாக்குச்சீட்டில் இடம்பெறும். கருக்கலைப்பு உரிமை, குறைந்தபட்ச ஊதியம், வரி, கடன் பத்திரம் என ஏதேனும் ஒரு முன்மொழிவுக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று வாக்காளர் நேரடியாக விடையளிப்பார். ஒரே சீட்டில் ஒரு கட்சியின் வேட்பாளரை ஆதரித்துவிட்டு, அடுத்த கேள்வியில் அதே கட்சியின் கொள்கையை நிராகரிக்கவும் அவருக்கு வழி உண்டு.

இந்திய வாக்காளருக்கு அந்த வசதி இல்லை. மனத்தில் எத்தனை கேள்விகள் இருந்தாலும், அவர் அழுத்தக் கிடைப்பது ஒரு சின்னம் மட்டுமே. ஆனால் மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் ஒரே நாளில் தேர்தல் நடக்கும் மாநிலங்களில் அவர் முன் இரண்டு இயந்திரங்கள் வைக்கப்படுகின்றன. வெள்ளைத் தாள் ஒட்டியது மக்களவைக்கு, இளஞ்சிவப்புத் தாள் ஒட்டியது சட்டப்பேரவைக்கு. இந்த இரண்டையும் வெவ்வேறு விதமாகப் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதற்கு, ஆந்திரத்தின் திருப்பதி மக்களவைத் தொகுதி 2024-ல் தந்த முடிவைவிடத் தெளிவான சான்று நாட்டில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

ஏழும் ஒரு பக்கம், எட்டாவது மறுபக்கம்

திருப்பதி மக்களவைத் தொகுதியில் ஏழு சட்டப்பேரவைத் தொகுதிகள் அடங்கும். பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி, சத்தியவேடு ஆகிய மூன்றும், பழைய நெல்லூர் மாவட்டத்தின் கூடூர், சூலூர்பேட்டை, வெங்கடகிரி, சர்வேபள்ளி ஆகிய நான்கும் அவை. 2024 மே 13-ம் தேதி நடந்த வாக்குப்பதிவின் முடிவுகள் ஜூன் 4-ம் தேதி வெளியானபோது, ஏழு சட்டப்பேரவைத் தொகுதிகளையும் தெலுங்கு தேசம், ஜனசேனா, பாஜக கூட்டணியே கைப்பற்றியிருந்தது. திருப்பதியில் ஜனசேனா, மற்ற ஆறிலும் தெலுங்கு தேசம்.

அதே மக்கள், அதே நாளில், அதே வாக்குச்சாவடியில் வாக்களித்த மக்களவைத் தேர்தலில் வென்றவரோ ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் மட்டிலா குருமூர்த்தி. அவர் பெற்ற வாக்குகள் 6,32,228. பாஜக வேட்பாளர் வரப்பிரசாத ராவ் பெற்றவை 6,17,659. வித்தியாசம் 14,569.

இந்த எண் சிறியதாகத் தோன்றலாம். அதன் உண்மையான அளவு சட்டப்பேரவை முடிவுகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். திருப்பதியில் கூட்டணி வேட்பாளர் 61 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். ஸ்ரீகாளஹஸ்தியில் 43 ஆயிரம், சூலூர்பேட்டையில் 29 ஆயிரம், கூடூரில் 21 ஆயிரம், வெங்கடகிரி, சர்வேபள்ளி இரண்டிலும் தலா 16 ஆயிரம் என முன்னிலை இருந்தது. சத்தியவேட்டில் மட்டும் நான்காயிரத்துக்கும் குறைவு. அனைத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம். சட்டப்பேரவைக்கான இயந்திரத்தில் இவ்வளவு பெரிய முன்னிலை பெற்ற கூட்டணி, பக்கத்தில் இருந்த இயந்திரத்தில் 14 ஆயிரம் வாக்குகள் பின்தங்கியிருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது.

ஒருவர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறினால் வித்தியாசத்தில் இரண்டு வாக்குகள் மாறும். அந்தக் கணக்கில், தோராயமாக ஒரு லட்சம் பேர் முதல் இயந்திரத்தில் ஒன்றையும் இரண்டாவதில் வேறொன்றையும் அழுத்தியிருக்க வேண்டும். சிலர் மக்களவைக்கு மட்டும் காங்கிரஸ் பக்கம் போயிருக்கவும் கூடும். அத்தொகுதியிலிருந்து பலமுறை மக்களவைக்குச் சென்ற சிந்தா மோகன் இம்முறையும் காங்கிரஸ் சார்பில் நின்று, வெற்றி வித்தியாசத்தைவிட அதிக வாக்குகளைப் பெற்றார். எப்படிக் கணக்கிட்டாலும், இது கைதவறி நடந்த பிழை அல்ல என்பது உறுதி.

சித்தூர் காட்டும் மறுபக்கம்

திருப்பதியின் முடிவுக்கு என்ன காரணம் என்று தேடுவோருக்கு விடை பக்கத்துத் தொகுதியிலேயே இருக்கிறது. சித்தூர் மக்களவைத் தொகுதியும் திருப்பதியைப் போலவே பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. சந்திரகிரி, நகரி, கங்காதர நெல்லூர், சித்தூர், பூதலபட்டு, பலமனேர், குப்பம் ஆகிய ஏழும் அதில் அடங்குகின்றன. 2024-ல் இவை ஏழையும் தெலுங்கு தேசமே வென்றது. குப்பத்தில் சந்திரபாபு நாயுடு 48 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்திலும், நகரியில் அமைச்சராக இருந்த ரோஜாவை எதிர்த்து நின்ற காலி பானு பிரகாஷ் 45 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்திலும் வெற்றி பெற்றனர். ஏழு தொகுதிகளின் முன்னிலையையும் கூட்டினால் சுமார் 2 லட்சத்து 13 ஆயிரம் வரும்.

சித்தூர் மக்களவைத் தொகுதியில் தெலுங்கு தேசத்தின் பிரசாத ராவ் வென்ற வித்தியாசம் 2 லட்சத்து 20 ஆயிரம். ஏறக்குறைய அதே எண். அங்கே இரண்டு இயந்திரங்களும் ஒரே குரலில் பேசியிருக்கின்றன.

இரு தொகுதிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு என்ன? இரண்டிலும் ஆளுங்கட்சிக்கு எதிரான அலை ஒன்றுதான், கூட்டணியும் அதன் வாக்குறுதிகளும் ஒன்றுதான். சித்தூரில் மக்களவை இயந்திரத்தில் சைக்கிள் சின்னம் இருந்தது. திருப்பதியில் அந்த இடத்தில் தாமரை இருந்தது.

மாநிலம் முழுவதையும் பார்த்தால் இந்தக் கணிப்பு மேலும் வலுப்பெறுகிறது. ஆந்திரத்தின் 25 மக்களவைத் தொகுதிகளில் பாஜக போட்டியிட்டவை ஆறு. நரசாபுரம், ராஜமுந்திரி, அனகாபல்லி ஆகிய மூன்றில் வென்றது. அரக்கு, ராஜம்பேட்டை, திருப்பதி ஆகிய மூன்றில் தோற்றது. கூட்டணியின் மற்ற இரு கட்சிகளும் சேர்ந்து போட்டியிட்ட 19 தொகுதிகளில் கைநழுவியது கடப்பா ஒன்றுதான். 175 சட்டப்பேரவைத் தொகுதிகளில் 11 மட்டுமே பெற்று நொறுங்கிப்போன ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸுக்கு மக்களவையில் நான்கு இடங்கள் மிஞ்சின. அவற்றில் மூன்று பாஜகவை எதிர்த்து வென்றவை.

ராஜம்பேட்டையின் கதை சற்றே வேறு. பழைய சித்தூர் மாவட்டத்தின் புங்கனூர், மதனப்பள்ளி, பீலேறு, தம்பல்லபள்ளி ஆகியவை அந்தத் தொகுதியில் சேர்ந்தவை. அங்கே ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கடைசி முதல்வரான கிரண்குமார் ரெட்டி பாஜக வேட்பாளராக நின்று, 76 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் மிதுன் ரெட்டியிடம் தோற்றார். ஆனால் அங்குள்ள ஏழு சட்டப்பேரவைத் தொகுதிகளில் மூன்றை ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸே வென்றிருந்தது. புங்கனூரும் தம்பல்லபள்ளியும் பெத்திரெட்டி குடும்பத்தின் கோட்டைகள். ஆகவே அது தாமரையின் தோல்வி மட்டுமல்ல, ஒரு குடும்பத்தின் பிடியும் கூட. திருப்பதியில் அப்படி எந்தக் குடும்பக் கோட்டையும் இல்லை. அதனால்தான் அதன் முடிவு கூடுதல் கவனத்துக்கு உரியதாகிறது.

வேட்பாளரின் விசித்திரப் பயணம்

பாஜக வேட்பாளர் வரப்பிரசாத ராவ் தொகுதிக்குப் புதியவர் அல்லர். தமிழ்நாட்டுப் பிரிவு ஐஏஎஸ் அதிகாரியாகப் பணியாற்றியவர் அவர். 2014-ல் இதே திருப்பதியில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் சார்பில் மின்விசிறி சின்னத்தில் நின்று, தெலுங்கு தேசத்தின் ஆதரவு பெற்ற பாஜக வேட்பாளரை 37 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். பத்தாண்டுகள் கழித்து, முன்பு தாம் தோற்கடித்த சின்னத்தை ஏந்தி, முன்பு தாம் வென்ற சின்னத்திடம் தோற்றார். இரு தேர்தலிலும் வேட்பாளர் அவர்தான், மாறியது சின்னம்.

2014-ம் ஆண்டின் கணக்கும் இங்கே நினைவுகூரத் தக்கது. அப்போதும் மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்தது தெலுங்கு தேசம். திருப்பதி மக்களவைத் தொகுதிக்கு உட்பட்ட ஏழு சட்டப்பேரவைத் தொகுதிகளில் நான்கை அது வென்றது. ஆனாலும் மக்களவை இடம் கூட்டணிக்குக் கிடைக்கவில்லை. ஆக, 2024-ல் நடந்தது புதிதல்ல. பத்தாண்டுகளுக்கு முன் மங்கலாகத் தெரிந்தது இப்போது துலக்கமாகத் தெரிந்திருக்கிறது.

அதே வேளையில், திருப்பதி எக்காலத்திலும் தாமரையை ஒதுக்கிய தொகுதி என்று முடிவு கட்டவும் இயலாது. 1999-ல் வாஜ்பாய் காலத்தில் தெலுங்கு தேசத்தின் துணையோடு பாஜகவின் வெங்கடசாமி இங்கிருந்து மக்களவைக்குச் சென்றிருக்கிறார். அதற்குப் பிறகு மாறியது எது என்பதே கேள்வி.

மாறியவற்றுள் முதன்மையானது மாநிலப் பிரிவினையும் அதையொட்டிய சிறப்பு அந்தஸ்து விவகாரமும். 2014 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் மாநிலங்களவையில் ஆந்திரத்துக்குச் சிறப்பு அந்தஸ்து அளிக்கப்படும் என்று அறிவித்தார். அதே ஆண்டு ஏப்ரல் 30-ம் தேதி திருப்பதியில் நடந்த தேர்தல் பொதுக்கூட்டத்தில் நரேந்திர மோடி, சந்திரபாபு நாயுடு, பவன் கல்யாண் மூவரும் ஒரே மேடையில் தோன்றினர். அந்தஸ்து வரவில்லை. 2018 மார்ச்சில் தெலுங்கு தேசம் கூட்டணியை விட்டு வெளியேறியது. அதே ஏப்ரல் 30-ல், அதே திருப்பதியில், மத்திய அரசைக் கண்டித்து நாயுடு கூட்டம் நடத்தினார். 2019 சட்டப்பேரவைத் தேர்தலில் தனித்து நின்ற பாஜக மாநில அளவில் ஒரு சதவீத வாக்கைக்கூட எட்டவில்லை; நோட்டா பெற்றது அதைவிட அதிகம். பின்னர் 2024-ல் மீண்டும் மூவரும் ஒன்றிணைந்தனர்.

தலைவர்கள் மேடையில் கைகோத்துக்கொள்வது எளிது. தாமரையைத் திட்டக் கேட்ட கிராமத்துத் தெலுங்கு தேசத் தொண்டன், அதே விரலால் தாமரையை அழுத்துவது அவ்வளவு எளிதன்று. கூட்டணியின் நலத்திட்ட வாக்குறுதிகளுக்காகச் சட்டப்பேரவைக்கு அதை ஆதரித்து, மக்களவைக்குத் தாமரையைத் தவிர்த்த சிறுபான்மையினரும் கிறித்தவப் பட்டியல் சாதியினரும் இருந்திருக்க வாய்ப்புண்டு. இது எவ்வளவு என்று இயந்திரம் சொல்லாது. ஆனால் சித்தூரையும் திருப்பதியையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் வேறு விளக்கம் பொருந்திவரவில்லை.

குருமூர்த்தியின் தனிப்பட்ட செல்வாக்கும் ஓரளவு துணை செய்திருக்கலாம். இயன்முறை மருத்துவரான அவர், ஜெகன்மோகன் ரெட்டியின் பாதயாத்திரையில் உடன் சென்றவர். ஆயினும் அவருடைய கட்சியே 2024 ஜனவரியில் அவரை மக்களவைத் தொகுதியிலிருந்து விலக்கி, சத்தியவேடு சட்டப்பேரவைத் தொகுதிக்கு மாற்றியது என்பதை மறந்துவிடலாகாது. சத்தியவேடு உறுப்பினராக இருந்த கோனேட்டி ஆதிமூலம் மக்களவை வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். அவர் அதை ஏற்காமல் தெலுங்கு தேசத்துக்குப் போய், சத்தியவேட்டிலேயே நின்று வென்றார். அதன் பிறகே குருமூர்த்தி மீண்டும் திருப்பதிக்குக் கொண்டுவரப்பட்டார். கட்சி கைவிட்ட தொகுதியில், கட்சி மாநிலமெங்கும் தோற்ற நாளில், அவர் வென்றார்.

திருப்பதி நகரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தெலுங்கு தேசம் பிறந்த பின் நடந்த முதல் தேர்தலில், 1983-ல், என்.டி.ராமராவ் வென்ற தொகுதிகளுள் ஒன்று இது. 2024-ல் இந்நகர வாக்காளர் முன் இருந்த இரண்டு இயந்திரங்களிலும் சைக்கிள் சின்னம் இல்லை. சட்டப்பேரவைக்குக் கண்ணாடி டம்ளர், மக்களவைக்குத் தாமரை. டம்ளர் சின்னத்தில் நின்ற ஆரணி சீனிவாசலுவும் சித்தூர்க்காரர், அதுவரை ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் சித்தூர் உறுப்பினராக இருந்து, வாய்ப்பு மறுக்கப்பட்டதால் கட்சி மாறியவர். வெளியூர்க்காரர், கட்சி மாறியவர், கூட்டணிச் சின்னம் என்று மூன்று குறைகள் இருந்தும் அவரை நகரம் ஏற்றது. அதே நகரம் 2019-ல் வெறும் 708 வாக்குகள் வித்தியாசத்தில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் பூமன கருணாகர ரெட்டியைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆகவே அந்நியச் சின்னம் என்பதே தடை அல்ல. எந்தச் சின்னம் என்பதே தடை.

தமிழ்நாட்டிலும் கண்ட காட்சி

இத்தகைய பிளவு தமிழ்நாட்டுக்கும் அந்நியமானதல்ல. 2019 ஏப்ரல் 18-ம் தேதி மக்களவைத் தேர்தலோடு 18 சட்டப்பேரவைத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தது. தருமபுரி மக்களவைத் தொகுதியில் அதிமுக கூட்டணியின் சார்பில் பாமகவின் அன்புமணி ராமதாஸ் மாம்பழம் சின்னத்தில் நின்று, திமுகவின் செந்தில்குமாரிடம் தோற்றார். அதே மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஆகிய இரு இடைத்தேர்தல்களிலும் இரட்டை இலை வென்றது. மக்களவைத் தேர்தலில் தேனியைத் தவிர எங்கும் வெல்ல முடியாத அதிமுக, மொத்தம் 22 இடைத்தேர்தல்களில் ஒன்பதை வென்று எடப்பாடி பழனிசாமியின் ஆட்சியைக் காத்துக்கொண்டது. அங்கும் கூட்டாளியின் சின்னத்துக்கு வாக்குகள் முழுமையாகப் போய்ச் சேரவில்லை.

'ஒரே நாடு ஒரே தேர்தல்' விவாதத்தில் திருப்பதியின் இடம்

இந்த முடிவுகளை வெறும் தேர்தல் புள்ளிவிவரமாக ஒதுக்கிவிட முடியாத காரணம் ஒன்று உண்டு. மக்களவைக்கும் அனைத்துச் சட்டப்பேரவைகளுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்த வகைசெய்யும் 129-வது அரசியல் சட்டத் திருத்த மசோதா 2024 டிசம்பர் 17-ம் தேதி மக்களவையில் அறிமுகமாகி, நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான குழு அதற்கு முன்பே, அதே ஆண்டு மார்ச் 14-ல், இதனைப் பரிந்துரைத்து அறிக்கை அளித்திருந்தது.

எதிர்ப்போர் முன்வைக்கும் முக்கிய வாதம், ஒரே நாளில் தேர்தல் நடந்தால் தேசிய அலை மாநிலப் பிரச்சினைகளை விழுங்கிவிடும் என்பது. 1999 முதல் 2014 வரையிலான முடிவுகளை ஆராய்ந்த ஐ.டி.எஃப்.சி. நிறுவனத்தின் ஆய்வு, ஒரே நேரத்தில் தேர்தல் நடந்தால் வாக்காளர் இரண்டுக்கும் ஒரே கட்சியைத் தேர்ந்தெடுக்க 77 சதவீத வாய்ப்பு இருப்பதாகக் கூறியது. ஆதரிப்போரோ, இந்திய வாக்காளருக்குப் பகுத்தறியத் தெரியும் என்கின்றனர். 2019-ல் ஒடிசாவில் பாஜக மக்களவைக்கு எட்டு இடங்களை வென்றபோதும், சட்டப்பேரவையில் நவீன் பட்நாயக் அசைக்க முடியாத பெரும்பான்மை பெற்றதை அவர்கள் எடுத்துக்காட்டுவர்.

திருப்பதி இரு தரப்புக்கும் முழுமையாக உதவாது என்பதுதான் சுவையான செய்தி. 2019-ல் இதே தொகுதியில் ஏழு சட்டப்பேரவை இடங்களையும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸே வென்றது, மக்களவைக்கும் அதன் வேட்பாளர் பல்லி துர்காபிரசாத் 2 லட்சத்து 28 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். இரண்டு இயந்திரங்களிலும் ஒரே சின்னம் இருந்தபோது வாக்காளர் பிரித்துப் பார்க்கவில்லை. 2024-ல் சித்தூரிலும் அவ்வாறே. கூட்டணி இரண்டு வெவ்வேறு சின்னங்களை நீட்டியபோதுதான் பிரித்தார். டெல்லிக்கு ஒன்று, அமராவதிக்கு ஒன்று என்ற அரசியல் பாகுபாட்டைவிட, எந்தச் சின்னம் தன்னுடையது என்ற பாகுபாடே இங்கு வேலை செய்திருக்கிறது.

அமெரிக்காவிலும் நிலைமை பெரிதும் வேறல்ல. அங்கே ஒரே சீட்டில் கட்சி மாறி வாக்களிப்போர் குறைந்துவருகின்றனர். 2024-ல் அதிபர் தேர்தலில் ஒரு கட்சிக்கும் பிரதிநிதிகள் அவைக்கு வேறு கட்சிக்கும் பெரும்பான்மை அளித்த தொகுதிகள் 435-ல் 16 மட்டுமே. ஆயினும், கட்சியின் பெயரே இல்லாத கேள்விகளில் அதே வாக்காளர் தாராளமாகப் பிரிந்து நிற்கிறார். மிசௌரி மாநிலத்தில் 2024-ல் டிரம்ப் எளிதில் வென்றார். அதே சீட்டில் கருக்கலைப்பு உரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தமும் வென்றது. அந்த உரிமையைத் திரும்பப் பெறும் முன்மொழிவை மாநிலச் சட்டமன்றம் 2026 வாக்குச்சீட்டில் சேர்த்திருக்கிறது. புளோரிடாவில் இதே போன்ற திருத்தம் 57 சதவீத ஆதரவு பெற்றும், தேவையான 60 சதவீதத்தை எட்டாததால் தோற்றது.

கேட்கப்படாத கேள்விகள்

இந்த வசதி திருப்பதி மக்களுக்கு இருந்திருந்தால் எந்தக் கேள்விகள் சீட்டில் ஏறியிருக்கும்? ஒன்றை ஊகிக்கவே வேண்டியதில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆண்டு வரவு செலவு 5,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் ஒரு சதவீதத்தைத் திருப்பதி நகர வளர்ச்சிக்கு ஒதுக்க 2023-ல் அறங்காவலர் குழு தீர்மானித்தது. பக்தர்களின் காணிக்கையைச் சாலைக்கும் சாக்கடைக்கும் செலவிடுவதா என்ற எதிர்ப்பு எழுந்தது. மாநில அரசும் அத்தீர்மானத்தை ஏற்கவில்லை. அன்று குழுவின் தலைவராக இருந்தவர் நகரின் சட்டப்பேரவை உறுப்பினரே. அவருடைய மகன் தேர்தலில் நிற்கவிருந்த வேளை அது என்பதால், தீர்மானத்தின் நோக்கம் ஐயத்துக்கு உள்ளானது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. நாள்தோறும் பல்லாயிரம் யாத்ரீகர்களின் சுமையைத் தாங்குவது நகரம். காணிக்கை செலுத்துவோரோ நாடெங்கும் இருப்பவர்கள். அமெரிக்காவின் சுற்றுலா நகரங்களில் இப்படிப்பட்ட சிக்கல் விடுதி வரி பற்றிய முன்மொழிவாக வாக்குச்சீட்டுக்கு வந்துவிடும். திருப்பதியில் அது அறங்காவலர் குழுவுக்கும் தலைமைச் செயலகத்துக்கும் இடையே முடிந்துபோனது.

இந்தியாவில் மக்களிடம் நேரடியாகக் கேட்ட தருணங்கள் மிகக் குறைவு. 1967 ஜனவரி 16-ல் கோவா மகாராஷ்டிரத்துடன் இணைவதா என்று நடந்த கருத்துக் கணிப்பு அவற்றில் முக்கியமானது. தனித்திருக்க விரும்பியோருக்கு இரட்டை இலை, இணைய விரும்பியோருக்குப் பூ என்று சின்னங்கள் தரப்பட்டன. இரட்டை இலை 34,021 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றது. அதிமுக பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு!

சித்தூர் மாவட்டத்தின் எல்லை இருமுறை பெரிதாக மாற்றப்பட்டது. இரு முறையும் மக்கள் வாக்கு கேட்கப்படவில்லை. படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. இன்றைய சத்தியவேடு அப்படிச் சென்ற பகுதியே. 2022 ஏப்ரல் 4-ல் மாவட்டம் மூன்றாகச் சிதறி, திருப்பதி தனி மாவட்டமானது. நகரி சட்டப்பேரவைத் தொகுதியின் ஒரு பகுதி சித்தூரிலும், புத்தூர் உள்ளிட்ட மறுபகுதி திருப்பதியிலும் போய் நின்றது.

வாக்கின் மதிப்பு

இத்தனை நுட்பமாகப் பயன்படுத்தப்படும் வாக்கு, இதே ஊரில் எப்படி நடத்தப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். துர்காபிரசாத் 2020 செப்டம்பரில் கொரோனாவால் இறந்ததை அடுத்து, 2021 ஏப்ரல் 17-ல் இடைத்தேர்தல் நடந்தது. குருமூர்த்தி முதன்முறையாக நின்று 2,71,592 வாக்குகள் வித்தியாசத்தில் வென்ற தேர்தல் அது. வெளியூர்களிலிருந்து பேருந்துகளில் போலி வாக்காளர்கள் அழைத்துவரப்பட்டதாக எதிர்க்கட்சிகள் அன்றே குற்றஞ்சாட்டின. அதிகாரி ஒருவரின் கணினி நுழைவுச் சொல்லைக் கொண்டு 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் அட்டைகள் பதிவிறக்கப்பட்டதாகப் பின்னர் புகார் வலுத்தது. அன்றைய மாநகராட்சி ஆணையர் தேர்தல் ஆணைய உத்தரவின்பேரில் 2024 ஜனவரியில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வாக்குப்பதிவு முடிந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆன பிறகு!

அதே இடைத்தேர்தலில் ஜனசேனாவின் டம்ளர் சின்னம், பெயர் அதிகம் அறியப்படாத ஒரு கட்சிக்கு ஒதுக்கப்பட்டது. ஜனசேனா அப்போது பாஜகவை ஆதரித்து ஒதுங்கியிருந்தது. டம்ளரைத் தேடிய ஜனசேனா வாக்காளர் அதையே அழுத்திவிடுவார் என்று பாஜக ஆட்சேபித்தும் பயனில்லை. சின்னம் எவ்வளவு எடை கொண்டது என்பதை எல்லாக் கட்சிகளும் அறிந்தே இருக்கின்றன.

2024 வாக்குப்பதிவுக்கு மறுநாள், இயந்திரங்கள் பூட்டி வைக்கப்பட்டிருந்த பத்மாவதி மகளிர் பல்கலைக்கழக வளாகத்திலேயே சந்திரகிரி தெலுங்கு தேச வேட்பாளர் தாக்கப்பட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை தேர்தல் ஆணையம் இடமாற்றம் செய்தது.

மாநகராட்சியின் கதை இன்னும் வெளிப்படை. 2021 மார்ச்சில் தேர்தல் நடந்த 49 வார்டுகளில் 48-ஐ ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் பெற்றது; அவற்றுள் பல போட்டியின்றியே கிடைத்தவை. தெலுங்கு தேசத்துக்கு ஒன்று. 2025 பிப்ரவரி 4-ல் துணை மேயர் தேர்தல் நடந்தபோது அதே மாமன்றம் தெலுங்கு தேச வேட்பாளரை 26-க்கு 21 என்ற கணக்கில் தேர்ந்தெடுத்தது. முதல் நாள் உறுப்பினர்கள் வந்த பேருந்து வழிமறித்துத் தாக்கப்பட்டு, தேர்தல் தள்ளிப்போயிருந்தது. இடையில் நகர மக்கள் மாமன்றத்துக்கு ஒருமுறையும் வாக்களிக்கவில்லை.

மக்களவைத் தொகுதி இப்போது விசித்திரமான நிலையில் இருக்கிறது. ஏழு சட்டப்பேரவை உறுப்பினர்களும் ஆளும் தரப்பு. மக்களவை உறுப்பினர் மாநிலத்திலும் மத்தியிலும் எதிர்த்தரப்பு. தெலுங்கு தேசத்தைப் பொறுத்தவரை 2029-க்கான கணக்கு இங்கிருந்தே தொடங்குகிறது. சித்தூரில் சைக்கிள் பெற்ற 2 லட்சத்து 20 ஆயிரமும், திருப்பதியில் தாமரை இழந்த 14,569-ம் தொகுதிப் பங்கீட்டு மேசையில் அருகருகே வைக்கப்படும். பாஜகவுக்கோ, ஏழுமலையான் வீற்றிருக்கும் ஊரின் மக்களவை இடத்தை விட்டுக்கொடுப்பது வெறும் ஓர் இடத்தை விட்டுக்கொடுப்பதாக இருக்காது. கடைசியாக அது இங்கே வென்று கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது.